மாத்திரையில் நூற்றுக்கு நூறு வாங்கிய குடும்பம்

நீங்கள் நான்கு பேரும் மருந்து கவுண்ட்டரில் வந்து சேர்ந்த அன்று உங்கள் சர்டிபிகேட்டுகளைப் பார்த்தேன். அத்தனை முத்திரை குத்திய காகிதங்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. நான் எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றவள். கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, பயம் போகவில்லை. அதனால் நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு இதே ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, கவர் ஒட்டி, பார்மசிஸ்ட் எடுத்துத் தருகிற மாத்திரையை எண்ணிப் போட்டு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பும் வேலைக்கு வந்தேன். அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்தது. போன மாசம் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். மாலையில் எறும்பு இருக்குமோ என்று கவலைப்பட்டதில் யார் என்ன பாராட்டிப் பேசினார்கள் என்பது காதில் விழவில்லை.

உங்களுக்கு நான்கு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மருந்து பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

வியாழக்கிழமை நடக்கிறதே, பிள்ளைகளின் கழுத்து வீக்கத்துக்கான கிளினிக், அதைப் பற்றித்தான். முன்கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பிக்கு வேலை ஓடவில்லை என்றால், அது முக்கி முக்கி வீங்கிப் போகும். அது சுரக்க வேண்டியதை நாம் மாத்திரையாக வெளியிலிருந்து கொடுத்தால், அதற்கு ஓய்வு கிடைத்து மெல்ல வடியும். எனக்கு டாக்டர் விளக்கியது இவ்வளவுதான். மாத்திரை கம்மல் திருகாணி அளவுதான் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அரைமணி நேரத்துக்குக் காப்பி கூடாது. இந்த மலைக் குளிரில் வரக்காப்பி இறங்காமல் ஒருவருக்கும் கண்ணே திறக்காது என்பது மருந்து கண்டுபிடித்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

முதலில் முட்டைக்கோஸ் கதை. அப்போது இருந்த டாக்டர் எங்கிருந்தோ ஒரு வண்ணப் போஸ்டர் வரவழைத்தார். பச்சைப் பசேலென்று ஒரு முட்டைக்கோஸ், அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. கழுத்து வீங்கியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும் என்று கீழே எழுத்து. அதை வெளிநோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒட்டச் சொன்னார். நான்தான் ஒட்டினேன், கோணலாகப் போய்விடுமோ என்ற கவலையோடு. கோணலாக இல்லை. ஆனால் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனத்தில் பாதிப் பேர் முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வேனில் வந்தவர்கள். அதை யாரும் யோசிக்கவில்லை.

பதினொரு மணிக்குள் சேதி பள்ளங்கிக் கிராமம் வரை போய்விட்டது. அங்கிருந்து ஒரு விவசாயி ஒரு மூட்டையை முதுகில் சுமந்துகொண்டு வந்து வாசலில் தொப்பென்று போட்டார். சத்தம் போடவில்லை.

"எங்க சரக்குக்குக் குறி போட்டது யாருன்னு மட்டும் சொல்லுங்க. போயிருதேன்."

அன்று மதியம் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடியது. இரண்டு மணி நேரம் பேசி, வேகவைத்து அளவாகத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று புத்தகத்திலேயே போட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். புத்தகத்தை முதலில் பார்த்திருக்கலாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போஸ்டர் செலவு வீணாகக் கூடாது என்று, பெருக்கல் குறியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, "காய்கறிகள் உண்பீர்" என்று எழுதச் சொன்னார்கள். மூட்டையை அந்த மனிதர் திரும்ப எடுத்துப் போகவில்லை. ஒரு வாரம் முழுக்க மெஸ்ஸில் முட்டைக்கோஸ் பொரியல். டாக்டரும் சாப்பிட்டார். ஆகவே சுவரில் எதையாவது ஒட்டும் முன்னால் திரும்பி நின்று, எதிரே உட்கார்ந்திருப்பவர்களை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் சொந்தச் சரக்கு. ஒரு வியாழக்கிழமை புது டப்பாவைத் திறந்தால் மாத்திரை வழக்கத்தைவிடச் சின்னதாகத் தெரிந்தது. அன்றைக்குப் பார்மசிஸ்ட் லீவு, அவருக்குப் பதிலாக வந்தவர் புதுசு. நான் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டேன். வெளியே வரிசை மேட்டு ரோடு வரை நீண்டுவிட்டது. வார்டில் இருந்த டாக்டரை இழுத்து வந்தேன், அவர் கம்பெனிக்குப் போன் போட்டார், கம்பெனிக்காரர் இன்னொருவருக்குப் போன் போட்டார். கடைசியில், மருந்து அதேதான், மாத்திரையின் உருவத்தை மட்டும் சின்னதாக்கியிருக்கிறோம், டப்பாவின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்றார்கள். போட்டுத்தான் இருந்தது.

அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள், பிறகுதான் கேட்பார்கள். பிரிட்ஜ் சத்தம் போடுகிறது என்றால் சிரிப்பு. மழையில் பஸ் வராமல் மலைக்கோடியில் இருக்கிற போளூர்ப் பிள்ளைகளுக்கு மாத்திரை தீர்ந்துவிடுமே என்றால் சிரிப்பு. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகு சென்னையிலிருந்து சின்ன டாக்டர் வந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். ஆனால் மனிதர்கள் சொல்வதை நம்ப மாட்டார், எண்களை நம்புவார். கழுத்துக்கு மாத்திரை வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த தடவை வரும்போது மிச்ச மாத்திரையைக் கவரோடு கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டார். நான் எண்ணிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குடும்பத்துக்கு ஒரு வண்ணம் விழும். முக்கால்வாசிப் பேர் மஞ்சள்தான். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போனபோது மறந்தவர்கள், சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், எலி கொண்டுபோனது என்றவர்கள். ஒரு அப்பா பாதிக்கு மேல் மிச்சம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிக்கனமாக இருந்ததற்கு நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று காத்து நின்றார்.

ஒரே ஒரு குடும்பம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பச்சை. போளூரிலிருந்து வரும் கௌசல்யாவின் குடும்பம். அவளுக்குப் பன்னிரண்டு வயது, பார்த்தால் ஒன்பது சொல்லலாம். கழுத்து முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கும். வகுப்பில் தூங்குகிறாள், சோம்பேறி என்று வாத்தியார் எழுதி அனுப்பியதால்தான் அவள் அம்மா முதலில் கூட்டி வந்தாள். கழிந்த நாளுக்கும் தீர்ந்த மாத்திரைக்கும் கணக்கு ஒன்றுகூடத் தப்பாது. அந்த வருஷம் சிறந்த பெற்றோர் என்று தேர்ந்தெடுத்து ஒரு ஃபிளாஸ்க் பரிசு கொடுத்தோம். பேரைச் சிபாரிசு செய்தது நான்தான். போட்டோவில் நானும் நிற்கிறேன்.

ஆனால் கழுத்து வடியவில்லை. வளர்த்தியும் இல்லை. ரத்தத்தில் பார்த்த எண் இறங்கவே இல்லை. டாக்டர் ஐம்பது மைக்ரோகிராமில் தொடங்கி எழுபத்தைந்துக்கு ஏற்றினார், பிறகு நூறுக்கு ஏற்றினார். மாத்திரை ஒழுங்காகப் போகிறது என்று கம்ப்யூட்டர் பச்சை காட்டும்போது, தப்பு அளவில்தானே இருக்க வேண்டும்? கடைசியில் நூற்று இருபத்தைந்து எழுதினார். அந்த வாரத் திங்கட்கிழமை கௌசல்யா கொடைக்கானலில் ஒரு பள்ளி ஹாஸ்டலில் சேருவதாக இருந்தது. வார்டனே தினமும் காலையில் கையில் கொடுத்து விழுங்க வைக்கும்படி டாக்டர் கடிதமும் கொடுத்தார்.

அந்த வியாழக்கிழமை கௌசல்யாவோடு அவள் பெரியம்மாவின் சின்ன மகளும் இருமலுக்குக் காட்ட வந்திருந்தாள். எட்டு வயது, வாய் ஓயாது. நான் கௌசல்யாவின் புது மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டுவிட்டு, உனக்கு மாத்திரை இல்லை, தண்ணி மருந்துதான் என்று சின்னவளிடம் சொன்னேன்.

"எனக்கும் அதுல உண்டே. நடுத்துண்டு எனக்கு. ஓரத்துண்டு ரெண்டும் அக்காமாருக்கு."

கௌசல்யாவின் அம்மா நீட்டிய கை அப்படியே நின்றது.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரே உலை. மூன்று பெண் பிள்ளைகள். அடுப்படி பெரியம்மாவின் கையில். அந்த வீட்டில் ஒரு முறுக்கு வந்தாலும் மூன்றாக உடையும், ஒரு ரிப்பன் வாங்கினாலும் மூன்றாக வெட்டப்படும். மாத்திரை வந்தது, அதுவும் வெட்டப்பட்டது. பூண்டு அரிகிற சின்னக் கத்தியால், தினமும் காலையில் வெள்ளனே, பெரியம்மா பார்த்துப் பார்த்து அரிந்து மூன்று கையிலும் வைத்திருக்கிறாள். ஒருத்திக்கு வீங்கிய கழுத்து நாளைக்கு மற்ற இரண்டு பேருக்கும் வீங்கினால், பிறகு எவன் கட்டிக்கொண்டு போவான்? ஒரு நாள்கூட மறந்ததில்லை. எண்ணிக்கை எப்படித் தப்பும்? வட்டத்தை மூன்றாக அரிந்தால் நடுத்துண்டுதான் பெரிசு. யாருக்கு நோயோ, அவளுக்கு ஓரம்.

கௌசல்யாவின் அம்மா ஜன்னல் கம்பி வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டாள். தனக்கும் மனசு உறுத்திக்கொண்டுதான் இருந்தது, மூத்தவளை எதிர்த்து எப்படிச் சொல்வது, சொன்னால் என் மகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன் என்று ஆகிவிடாதா என்றாள்.

"டாக்டர்ட்ட சொல்லிராதீங்கக்கா. வீடு ரெண்டாப் போயிரும்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. மாத்திரைக் கவரையும் கொடுத்துவிட்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நாள் நூறில் மூன்றில் ஒரு பங்குகூடச் சரியாகக் கிடைக்காத பிள்ளைக்குத் திங்கட்கிழமையிலிருந்து நூற்று இருபத்தைந்தும் முழுசாகப் போகப் போகிறது. ஹாஸ்டலில் கத்தி கிடையாது. அளவு கூடிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடம்பு உருகும், தூக்கம் போகும். படபடப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் டாக்டர் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, அக்கா, இன்றைக்கு என்ன பயம் என்று சிரித்தார். நானும் பழக்க தோஷத்தில் சிரித்தேன். அந்தப் போளூர்ப் பிள்ளைக்கு அளவு கூடிப் போயிருக்குமோ என்று கவலையாக இருக்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பி, பச்சை வண்ணத்தைக் காட்டி, நீங்கள் எண்ணியதுதானே என்றார். நான் எண்ணியதுதான். தாய்க்குத் தலையை ஆட்டியதும் ஞாபகம் வந்தது. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மருந்து ஸ்டோரில் வார்டு சிஸ்டர் என்னைப் பார்த்தாள். அவளுக்கு என் மகளைவிட இரண்டு வயது குறைவு. ஒரே கவரை நான் மூன்றாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். கவரைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, என்ன என்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

"நீங்க கவலையத்தானக்கா சொன்னீங்க. பாத்ததச் சொல்லவே இல்லையே."

அதோடு விடவில்லை. அங்கேயே நிறுத்தி, யார் சொன்னது, என்ன சொன்னாள், எத்தனை துண்டு, யார் அரிந்தது, எவ்வளவு நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கவலை, பயம், ஒருவேளை என்ற வார்த்தைகள் வரும்போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினாள். அவற்றை எடுத்துவிட்டால் நான் சொல்ல வேண்டியது நான்கே வரிதான் இருந்தது. என் ஆயுசில் நான் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றதற்கு, வீடு இரண்டாகப் போனால் ஒட்டிக்கொள்ளலாம், நீங்கள் முதலில் பிள்ளையைப் பாருங்கள் என்றாள்.

டாக்டர் மறுபடியும் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்தார். நான் சிரிக்கவில்லை. நான்கு வரியையும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார், இரண்டு கோடு இழுத்தார். நடுவைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"அப்ப நான் இத்தனை நாளா மூணு பிள்ளைக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கேன்."

பள்ளங்கியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த தாயையும் மகளையும் போன் போட்டு வரவழைத்தார். புது மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவள் எடைக்குத் தகுந்த மாதிரி அளவைக் குறைத்து எழுதினார், கொஞ்ச நாளில் மறுபடி ரத்தம் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். வார்டனுக்கு வேறு கடிதம் எழுதினார். தாய் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

அடுத்த வியாழன், மற்ற இரண்டு பெண்களையும் ரத்தப் பரிசோதனைக்குப் பெரியம்மாவே கூட்டி வந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். அவள் ஃபிளாஸ்க்கை ஜன்னலில் வைத்தாள்.

"இதையும் வச்சுக்கோங்க. எங்க வீட்ல ஒரு பிள்ளைக்கு மட்டும்னு எதுவும் வந்ததில்ல. வந்தா மூணுக்கும் வரும். அதுல என்ன குத்தம் கண்டீங்க?"

ரத்த ரிசல்ட் வந்த பிறகு சிஸ்டர்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு இது தேவையில்லாத மருந்து, கௌசல்யாவுக்கு இது சோறு மாதிரி என்று சொன்னாள். அந்த அம்மாள் மடியில் இருந்த கையைப் பார்த்தாள்.

"அப்ப அவ சோத்த இவளுக தின்னுருக்காளுக. நானே அரிஞ்சு குடுத்திருக்கேன்."

போகும்போது ஃபிளாஸ்க்கை நாங்கள்தான் கட்டாயப்படுத்திக் கையில் கொடுத்தோம். வீடு இரண்டாகப் போகவில்லை. இரண்டு அம்மாக்களும் ஒரு மாசம் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்வி. ஆனால் உலை ஒன்றுதான்.

சின்ன டாக்டர் பிறகு மதுரையில் ஒரு மகாநாட்டில் இதைப் பற்றிப் பேசி ஷீல்டு வாங்கினார். மூன்று வரி நீளத்துக்குத் தலைப்பு. படம் போட்டுக் காட்டியதில் பூண்டுக் கத்தியும் இருந்ததாம். ஆஸ்பத்திரியில் வண்ணம் போடுவதை நிறுத்திவிட்டார்களா என்றால் இல்லை. நான்காவதாக ஒரு வண்ணம் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு அதற்கு ஒரு நாள் பயிற்சி உண்டு. நீங்கள் எண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணி முடித்த பிறகு, வீட்டில் இதை எடுத்துக் கொடுப்பது யார், எப்படிக் கொடுக்கிறீர்கள், எனக்கு ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள். மேலே யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டி வந்தால், கவலையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் பார்த்ததை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள்.

பெரியம்மா ஃபிளாஸ்க்கோடு போன அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். கௌசல்யா ஹாஸ்டலுக்குப் போன பத்தாவது நாள் வார்டனிடமிருந்து போன் வந்தது. மாத்திரையைக் கையில் கொடுக்கிறேன், வாயில் போடுகிறாள், ஆனால் விழுங்குவதில்லை, நான் திரும்பியதும் எடுத்துப் பல்லால் உடைத்துப் பக்கத்துக் கட்டில் இரண்டு பேருக்கும் கொடுக்கிறாள், இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார்.

இந்தத் தடவை டாக்டர் அறைக்குப் போய் இரண்டு வரியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீங்களே போய்ப் பாருங்கள் அக்கா என்றார்.

மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே ஹாஸ்டலுக்குப் போனேன். மூன்று கட்டில்கள் வரிசையாக இருந்தன. கௌசல்யா நடுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் அவள் வயதுப் பிள்ளைகள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. சுரப்பி, ரத்தம், எண் என்று வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு போன விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்குச் சோறு மாதிரி என்று பெரியம்மா ஹாஸ்டலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். மற்றவர்களுக்கு ஆகாது என்றும் தெரியும்.

"தெரியும் அத்தே. ஆனா அவளுக பாத்துக்கிட்டே இருக்காளுகளே. நான் மட்டும் எப்படித் திங்கிறது?"

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இருப்பதாக எனக்குத் தெரியாது. உங்கள் புத்தகங்களில் இருந்தால் சொல்லுங்கள். நான் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்றேன். அவர்கள் ஏன் என்று கேட்காமல் திரும்பிக்கொண்டார்கள். வார்டன் என்னைப் பார்த்தார். பிறகு அவரும் திரும்பிக்கொண்டார்.

கௌசல்யா மாத்திரையை முழுசாக வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, கண்ணை மூடி விழுங்கினாள். வாயைத் திறந்து எனக்குக் காட்டினாள். யார் வீட்டிலோ புகுந்து எதையோ எடுத்துத் தின்றவள் மாதிரி முகம் சுண்டிப் போயிருந்தது. புறங்கையால் உதட்டைத் துடைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் மெல்லக் கூப்பிட்டாள்.

"திரும்பிக்கோங்கடி. முடிஞ்சிருச்சு."